ஜேம்ஸ் புதுச்சேரியும் நமது மூன்று விழுக்காடும்

சென்ற ஆண்டு நமது பேரவை நடத்திய சொற்போரில் நடுவராக அமரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. மலேசிய இந்தியரின் பொருளாதார உயர்வுக்குப் பங்குடைமையே முதல் வழி என்பது தலைப்பு. மாணவர்கள் நன்றாகவே பேசினார்கள். தமிழ் தடையின்றி ஓடியது. ஒட்டிப் பேசியவர்கள் மூன்று விழுக்காடு வேண்டும் என்றார்கள். வெட்டிப் பேசியவர்கள் மூன்று போதாது, மக்கள்தொகைக்கு ஏற்ப ஏழு வேண்டும் என்றார்கள். நான் புள்ளிகளைக் கூட்டி, ஓர் அணிக்குச் சுழற்கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன். காரில் வரும்போதுதான் உறைத்தது. இரண்டு அணியும் ஒரே பக்கம் நின்றல்லவா பேசியிருக்கின்றன! அந்த மூன்றோ ஏழோ வந்து சேர்ந்தால் அது யார் கையில் இருக்கும் என்று மேடையில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நடுவராக இருந்த நானும் கேட்கவில்லை.

இந்த நாட்டில் அந்தக் கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கேட்டார். அதைச் சிறையில் இருந்துகொண்டு கேட்டார். அவர் படித்தது நமது பல்கலைக்கழகத்தில்தான்; அப்போது அது சிங்கப்பூரில் இருந்தது. அவர் பெயர் ஜேம்ஸ் புதுச்சேரி.

பெயரைப் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்காரர் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது மலையாளக் குடும்பப் பெயர். கேரளத்திலிருந்து வந்து ஜொகூரில் குடியமர்ந்த குடும்பம். 2000ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அவர் மறைந்தபோது நான் பொருளியல் மாணவன். நாளிதழில் செய்தியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். யாரோ பழைய அரசியல்வாதி, லீ குவான் இயூவின் பழைய தோழர், வழக்கறிஞர் என்ற அளவில்தான் என் மனத்தில் பதிந்தது. சில வாரங்கள் கழித்து எங்கள் விரிவுரையாளர் ஒருவர் வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டு, "புதுச்சேரியின் புத்தகத்தைப் படித்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார். ஒரு கையும் எழவில்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவர் இறந்ததற்காக நான் வருந்தவில்லை, அவருக்கு வயதாகிவிட்டது. இந்த வகுப்பைப் பார்த்துத்தான் வருந்துகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன். வெட்கத்தினால் போனேன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரைப்படம்போல விரித்தால் நான் சொல்ல வந்தது பின்னுக்குப் போய்விடும். போர்க்காலத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து பர்மா எல்லைவரை சென்றவர். திரும்பி வந்து மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தார். 1951இல் முதல் கைது. 1953இல் பல்கலைக்கழகச் சோசலிசக் கழகம் தோன்றியபோது அதன் முன்னணியில் இருந்தவர்களில் ஒருவர். அக்கழகத்தின் ஏடு 'ஃபஜார்'. 1954 மே மாதம் அதில் வந்த ஒரு கட்டுரைக்காக எட்டு மாணவர்கள்மீது தேசநிந்தனை வழக்குப் போடப்பட்டது. எட்டுப் பேரில் புதுச்சேரி ஒருவர். இராஜகுமார், அருட்ஜோதி, எட்வின் தம்பு ஆகியோரும் அந்த எட்டுப் பேரில் இருந்தனர் என்பதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்திலிருந்து பிரிட் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர் வந்து வாதாடினார். அவருக்குத் துணையாக நின்றவர் இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. எட்டுப் பேரும் விடுதலையானார்கள்.

அதன் பின் புதுச்சேரி தொழிற்சங்கப் பணிக்குப் போனார். 1956 அக்டோபரில் லிம் சின் சியோங் முதலியவர்களோடு மீண்டும் கைதானார். 1959 ஜூன் 4ஆம் நாள், தேர்தலில் வென்ற மக்கள் செயல் கட்சி பதவியேற்கும்முன் வெளியே வந்த எட்டுக் கைதிகளில் அவரும் ஒருவர். புதிய அரசு அவருக்குத் தொழில் வளர்ச்சித் துறையில் பொறுப்புக் கொடுத்தது. 1961இல் கட்சி பிளந்தபோது அவர் மறுபக்கம் நின்றார். 1963 பிப்ரவரி 2ஆம் நாள் நடந்த கோல்ட்ஸ்டோர் நடவடிக்கையில் மூன்றாம் முறையாகச் சிறை. விடுதலையான பின் நெடுங்காலம் சிங்கப்பூருக்குள் கால்வைக்க முடியாதவராகக் கோலாலம்பூரில் வழக்கறிஞராக வாழ்ந்தார். பொருளியல் பேராசிரியர் என்ற நாற்காலியில் அவர் ஒருநாளும் அமர்ந்ததில்லை. ஆயினும் இந்நாட்டுப் பொருளியலைப் பேசுகிற எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. 1956க்கும் 1959க்கும் இடையில் சாங்கிச் சிறையில் அவர் எழுதிய புத்தகமே காரணம். அது 1960இல் வெளிவந்தது. மலாயாப் பொருளாதாரத்தில் உடைமை யாருடையது, அதை நடத்தும் அதிகாரம் யாருடையது என்பதே அதன் தலைப்பும் பொருளும்.

நான் படித்தது நமது பல்கலைக்கழகக் கூட்டுறவுப் புத்தகக் கடை 1979இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்த பிரதி. தாள் பழுத்துப்போயிருந்தது. முதல் சில பக்கங்கள் வெறும் கணக்காகத் தெரிந்தன. எந்த நிறுவனத்துக்கு எத்தனை ஏக்கர், எந்த இயக்குநர் எத்தனை நிறுவனங்களில் இருக்கிறார் என்று போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் இரவில்தான் அந்தக் கணக்கு என் வீட்டுக் கதை என்று புரிந்தது.

என் பாட்டி பேராக்கில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அந்தத் தோட்டம் ஓர் ஆங்கிலேய நிறுவனத்துடையது. அந்நிறுவனத்தின் பங்குகள் இலண்டனிலும் பிற ஊர்களிலும் யார் யார் பெயரிலோ சிதறிக் கிடந்தன. அந்தப் பங்குதாரர்களில் பெரும்பாலோர் மலாயாவை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தோட்டத்தை நடத்தியது வேறொரு வணிக நிறுவனம். இத்தகைய முகவர் நிறுவனங்களைப் பற்றித்தான் புதுச்சேரி விரிவாக எழுதினார். குத்ரி, ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்ட், சைம் டார்பி, பௌஸ்டெட் என்று நாம் கேட்டுப் பழகிய பெயர்கள்தாம். ஒரு முகவர் நிறுவனம் பல தோட்டக் கம்பெனிகளுக்குச் செயலாளராக இருக்கும். துரையை நியமிப்பது, உரம் வாங்குவது, ரப்பரை விற்பது, கப்பலில் ஏற்றுவது, காப்புறுதி செய்வது எல்லாம் அதன் வழியாகவே நடக்கும். ஒவ்வொரு படியிலும் அதற்குத் தரகு உண்டு. தோட்டத்தில் அதன் சொந்தப் பங்கு சிறிதாக இருக்கலாம். ஆனால் முடிவு எடுப்பது அதுதான்.

நம்மூர்க் கோயிலை எடுத்துக்கொள்ளுங்களேன். கோயில் யாருடையது என்று கேட்டால் ஊரே கை தூக்கும். எல்லாரும்தான் நன்கொடை கொடுத்திருக்கிறோம். சாவியும் ரசீதுப் புத்தகமும் யாரிடம் என்று கேட்டால் ஒரே ஒருவர் பெயர்தான் வரும். உடைமை வேறு, பிடி வேறு. (கோயில் நிர்வாகிகள் என்மீது வருத்தப்பட வேண்டாம். என் அப்பாவே பத்தாண்டுகள் ஒரு கோயில் செயலாளராக இருந்தவர்தான்.)

அந்தக் காலத்தில் எல்லாரும் நம்பிய ஒன்றை இந்தக் கணக்கு உடைத்தது. நாட்டின் பொருளாதாரம் சீனர் கையில் இருக்கிறது, அதனால்தான் மலாய்க்காரர் ஏழையாக இருக்கிறார் என்பது அப்போது பொதுவாகப் பேசப்பட்ட வாதம். கடைத்தெருவில் கண்ணுக்குத் தெரிபவர் சீனக் கடைக்காரர். இலண்டன் பங்குதாரர் தெரிவதில்லை. புதுச்சேரி பக்கம் பக்கமாகக் காட்டியது இதைத்தான். தோட்டம், ஈயம், ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவற்றின் மேல்தட்டு ஐரோப்பிய மூலதனத்தின் பிடியில் இருந்தது. சீனர்களில் பெரும்பாலோர் கூலிகளும் சிறு வியாபாரிகளும்தாம். பத்து ஆண்டு கழித்து அரசாங்கமே கணக்கெடுத்தது. 1970இல் தீபகற்ப மலேசியாவின் நிறுவனப் பங்குகளில் ஏறத்தாழ 63 விழுக்காடு அந்நியரிடம் இருந்தது. மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்திராக்களிடம் 2.4, இந்தியரிடம் 1.1.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவரை எல்லாருமே கொண்டாடியிருப்பார்கள். அவர் இன்னும் ஒரு படி போனார். மலாய்க்காரரிடையே சில முதலாளிகளை உருவாக்கிவிட்டால் மலாய்க்காரரின் வறுமை தீர்ந்துவிடும் என்ற எண்ணத்தையும் அவர் மறுத்தார். சீனரில் முதலாளிகள் இருப்பதால் சீனத் தொழிலாளி பணக்காரராகிவிடவில்லை. அதுபோலத்தான் இதுவும் என்றார். கிராமத்து ஏழை ஏன் ஏழை என்பதற்கு விடை நிலத்திலும் குத்தகையிலும் கடனிலும் விலையிலும் இருக்கிறது. பங்குச் சான்றிதழில் இல்லை என்பது அவர் வாதம்.

1971இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. அதற்கு இரண்டு நோக்கங்கள். இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பது ஒன்று. சமுதாயத்தைச் சீரமைப்பது மற்றொன்று. 1990க்குள் பூமிபுத்திராக்களுக்கு 30 விழுக்காடு பங்குடைமை என்ற இலக்கு இரண்டாவதைச் சேர்ந்தது. அந்நிய மூலதனத்தைப் பற்றிய புதுச்சேரியின் கணக்கு அக்கொள்கைக்கு வலுச் சேர்த்தது என்று சொல்பவர்கள் உண்டு. அவருடைய கணக்கின் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள் என்றே நான் சொல்வேன். நாமும் அதையேதான் செய்கிறோம். ஒன்பதாவது மலேசியத் திட்டம் 2020க்குள் இந்தியருக்கு 3 விழுக்காடு என்று எழுதியபோது கைதட்டினோம். 1970இல் 1.1ஆக இருந்தது 2004இல் 1.2 என்று அத்திட்டமே காட்டியது. 2020 வந்து போயிற்று. மேடைகளில் நாம் இன்னும் மூன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். வறுமை ஒழிப்பு என்ற முதல் நோக்கத்தைப் பற்றி நம் சொற்போர்களில் யாரும் தொண்டை வறளப் பேசி நான் கேட்டதில்லை.

உடைமை மாறினால் மட்டும் என்ன நடக்கும் என்பதற்கு நம் தோட்டங்களே சான்று. 1981 செப்டம்பர் 7ஆம் நாள் காலையில் இலண்டன் பங்குச் சந்தையில் குத்ரி நிறுவனத்தை மலேசியா வாங்கிய கதை பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நாட்டுக்கு அது பெருமைதான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. என் பாட்டி இருந்த தோட்டமும் அந்தக் காலத்தில் கைமாறியது. பாட்டி அதைச் சொல்லும் விதமே தனி. "வெள்ளக்காரத் தொர போனாரு, நம்ம நாட்டுத் தொர வந்தாரு. பெரட்டு மட்டும் அதே விடியக்காலந்தான்." நாள் சம்பளம் நாள் சம்பளமாகவே இருந்தது. மழை பெய்தால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கூலி இல்லை. பின்னர் அத்தோட்டம் வீடமைப்புக்குப் போனது. லயத்தைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தில் புதிய முதலாளி யார் என்பதுகூட அவருக்குப் புரியவில்லை. மாமாதான் படித்துச் சொன்னார்.

அதற்கும் முன்னால், 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலை நாம் மறந்துவிட்டோம். வெள்ளையர் விற்றதை உள்ளூர்க் கூட்டுகள் வாங்கிக் கூறுபோட்டு விற்றன. விற்றவர் லாபம் பார்த்தார், வாங்கியவரும் லாபம் பார்த்தார், தொழிலாளர் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பேராசிரியர் உங்கு அசீஸ் தலைமையில் நமது பல்கலைக்கழகம் 1960களின் தொடக்கத்தில் அதை ஆராய்ந்தது. துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் அந்தத் துயரைப் பார்த்துத்தான். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்தார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அந்தச் சங்கம் பிறந்த ஆண்டு 1960. புதுச்சேரியின் புத்தகம் வெளிவந்த அதே ஆண்டு! இருவரும் அரசியலில் எதிரெதிர்த் துருவங்கள். ஒருவர் அமைச்சர், மற்றவர் சிறையிலிருந்து வந்தவர். ஆனால் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்குதான் என்ற கூட்டுறவுக் கொள்கையைப் பாருங்கள். உடைமையையும் பிடியையும் ஒரே கையில் சேர்க்கும் முயற்சி அது. நம் மாணவர்கள் மூன்று விழுக்காட்டுக்குச் செலவழிக்கும் மூச்சில் கால்வாசியை அந்த முயற்சியை ஆராயச் செலவழிக்கலாம்.

எதிர்வாதம் எனக்குத் தெரியாமல் இல்லை. "பங்குடைமை இல்லாத சமுதாயத்தை எவன் மதிப்பான்? நம்மவர் நிறுவனம் நடத்தினால்தானே நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்?" என்று என் நண்பரே கேட்டார். அதில் உண்மை இருக்கிறது. கடன் கேட்டு வங்கியில் நிற்கும் நம் இளைஞர் படும் பாட்டை நானும் பார்த்திருக்கிறேன். புதுச்சேரியும் வெறும் மறுப்பாளர் அல்லர். தொழில் வளர்ச்சிக்கான பொறுப்பை ஏற்று முதலீட்டைத் தேடியவர்தான் அவர். அவருடைய பின்னாள் வாழ்க்கையைப் பார்த்து, தீவிரம் தணிந்துவிட்டது என்று முணுமுணுத்த தோழர்களும் இருந்திருப்பார்கள். அதனால் அவர் கேட்ட கேள்வி தவறாகிவிடாது. என் தாத்தா ஒரு காலத்தில் சமுதாயத்தை உயர்த்தும் என்று சொல்லப்பட்ட ஒரு நிறுவனத்தின் பங்குகளைப் பாட்டியின் சங்கிலியை அடகு வைத்து வாங்கினார். சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். உடைமை அவருடையது. அந்நிறுவனம் எங்கே கட்டடம் வாங்குகிறது, எதை விற்கிறது என்று ஒருநாளும் ஒருவரும் அவரைக் கேட்டதில்லை. சங்கிலி திரும்பி வரவே இல்லை.

இனி, அவரை நாம் நினைவுகூரும் முறைக்கு வருகிறேன். அவருடைய தோழர்கள் அதைச் சரியாகச் செய்தார்கள் என்பது என் கருத்து. அவர் உயிரோடு இருக்கும்போதே, 1998இல், அவருடைய தம்பி டொமினிக் புதுச்சேரியும் பொருளியலாளர் ஜோமோவும் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். அதில் அவருடைய கட்டுரைகள் உண்டு, கவிதைகள் உண்டு, அவருடைய எழுத்தைப் பற்றிப் பிறர் எழுதியவையும் உண்டு. ஆளைப் புகழ்வதோடு நிற்காமல் எழுத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். பிறகு 2009இல் போ சூ காய், டான் ஜிங் குவீ, கோ கே இயூ ஆகிய மூவரும் ஃபஜார் தலைமுறையைப் பற்றிய நூலைத் தொகுத்து வெளியிட்டார்கள். போ சூ காய் இரண்டு தவணைகளில் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் விசாரணையின்றிச் சிறையில் இருந்தவர். மருத்துவர் இராஜகுமார் அதற்கு முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். முதுமையில், ஒருவர் பின் ஒருவராகப் போய்க்கொண்டிருந்த வேளையில், எஞ்சியிருந்தவர்கள் உட்கார்ந்து எழுதினார்கள். இறந்தவர் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று தேதியும் ஆதாரமுமாக எழுதினார்கள். அந்த அஞ்சலிக்கு நான் தலைவணங்குகிறேன்.

நம்மிடையே என்ன நடக்கிறது? சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் நிகழ்ச்சியில் நாட்டுக்கு உழைத்த இந்தியர்கள் என்று ஒரு படக் கண்காட்சி வைத்திருந்தார்கள். புதுச்சேரியின் படமும் இருந்தது. கீழே நேதாஜியின் படையில் சேர்ந்தவர், சிறை சென்ற தியாகி, நம் இனத்தின் பெருமை என்று எழுதியிருந்தார்கள். புத்தகத்தின் பெயரே இல்லை. இனத்தை வைத்துப் பொருளாதாரத்தைப் பார்ப்பது கண்ணைக் கட்டிவிடும் என்று ஒரு புத்தகம் முழுக்க எழுதிய மனிதரை இனத்தின் பெருமை என்ற சட்டத்துக்குள் அடைத்து மாட்டியிருந்தார்கள். என் தாத்தாவின் சான்றிதழ்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அந்த மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு கையும் எழாத அன்று நானும் அங்கே உட்கார்ந்திருந்தேனே.

ஆகவே பேரவைக்கு என் விண்ணப்பம் இதுதான். அடுத்த ஆண்டு அவருக்கு மாலை போட வேண்டாம். ஒரு மாலைப்பொழுது அந்தப் புத்தகத்தின் ஓர் அத்தியாயத்தை எடுத்து வைத்து, மலாய் மாணவர்களையும் சீன மாணவர்களையும் அழைத்து, பேசுவோம். தமிழிலும் அது வேண்டும் என்பதால் முகவர் நிறுவனங்களைப் பற்றிய பகுதியை நான் மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன். தலைப்பிலேயே சிக்கிக்கொண்டேன். உடைமை என்ற சொல் எளிதாக வந்துவிட்டது. அதற்கு அடுத்த சொல்தான் வரவில்லை. கட்டுப்பாடு என்றால் பள்ளி ஒழுங்கு போலத் தோன்றுகிறது. ஆதிக்கம் என்றால் கூட்டத்தில் முழங்குவது போல இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொண்ணூறு வயதை நெருங்கும் பாட்டியிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். "தோட்டம் கம்பெனியோடது பாட்டி, ஆனா எல்லாத்தையும் முடிவு பண்ணுறது வேற ஆளு. அத எப்படிச் சொல்லுவீங்க?"

"பிடி அவன் கையில இருக்குன்னு சொல்லுவோம்," என்றார். அதற்கென்ன இவ்வளவு யோசனை என்பதுபோல என்னைப் பார்த்தார். அப்படியே நமது மூன்று விழுக்காட்டையும் அவருக்கு விளக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுல நம்ம லயத்துக்கு எத்தன?" என்றார்.

'உடைமையும் பிடியும்' என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். நாற்பது பக்கம் முடிந்திருக்கிறது. கைப்படி ஒன்றைப் பேரவைச் செயலாளரிடம் கொடுத்துள்ளேன். சிவப்பு மையால் திருத்த விரும்புகிறவர்கள் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.